முறை வைத்து நடந்த கல்யாணம்

பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கும், இதைப் படிக்கப்போகிறவர்களுக்கும் வணக்கம். முதலில் என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இந்தக் கை மண்வெட்டி பிடித்ததுதான் அதிகம். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். சொல்லுங்கள், எழுதித் தருகிறேன் என்று என் மகள் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் இது அவள் அம்மாவுக்கும் எனக்கும் நடந்த கல்யாணத்தைப் பற்றியது. தப்பு இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

இது நடந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றிலிருந்து பிரிந்து வரும் ஒரு வாய்க்கால் ஓரத்தில் எங்கள் ஊர். ஊரில் மேலத்தெருவில் நிலம் உள்ளவர்கள், கீழத்தெருவில் அந்த நிலத்தில் வேலை செய்கிற நாங்கள். புது ஆட்சி வந்து, புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றித் தாலி கட்டினாலும் கல்யாணம் செல்லும் என்று சட்டம் ஆகிச் சில வருஷம் ஆகியிருந்த நேரம். கூலிக்காகச் சண்டை நடக்காத அறுவடையே எங்கள் பக்கம் அப்போது கிடையாது.

என் வேலை வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது. வாய்க்காலில் தண்ணீர் குறைவாக வரும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால், மேலே உள்ள வயல்கள் நனையும், கடைசியில் உள்ள கடைமடை வயல்கள் காய்ந்துபோகும். அதனால் முறை வைப்போம். காலையில் இவர் வயல், மதியம் அவர் வயல், நாளைக்கு இன்னொருவர். கடைமடையிலிருந்து தொடங்குவதுதான் எங்கள் ஊர் வழக்கம். முறைப்படி மடையைத் திறப்பதும் அடைப்பதும் என் பொறுப்பு. தண்ணீரோடு இருக்கிற வேலை என்பதால் அதிகம் பேச வேண்டியதில்லை. எனக்கு அது ரொம்பப் பொருத்தம்.

நான் எவ்வளவு கூச்சப்பட்டவன் என்றால், பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணையே பார்க்கவில்லை. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குனிந்தபடியே வாங்கிக் குடித்தேன். திரும்பி வரும் வழியில், "பொண்ணு எப்படிடா இருந்துச்சு?" என்று என் அக்கா கேட்டாள். "சொம்பு நல்லா பளபளன்னு இருந்துச்சு" என்றேன். அக்கா வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அப்பா அம்மா இல்லாத எனக்கு அந்த அக்காதான் எல்லாம். எனக்கு வேண்டியதையும் அவளே பேசிவிடுவாள்.

கல்யாணத்தை ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்தோம். எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தலைவர் நடத்திவைப்பதாக ஏற்பாடு. நாங்கள் அவரைச் சங்கத்து அண்ணன் என்று கூப்பிடுவோம். என் கல்யாணத்துக்காக அவர் ஒரு பெரிய பேச்சைத் தயார் செய்துகொண்டிருந்தார்.

அந்த வருஷம் புதுத்தண்ணீரோடு வாந்திபேதியும் வந்து சேர்ந்தது. பக்கத்து ஊரில் உயிர்ச்சேதம் ஆகிவிட்டது. எங்கள் தெருவில் ஒருவரை மாட்டுவண்டியில் போட்டு மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். ஆனால் மறுநாள் காலையிலேயே மைக் கட்டிய ஜீப் ஒன்று வந்துவிட்டது. கீழத்தெரு ஆட்கள் வெளியே போகக் கூடாது, வெளி ஆட்கள் உள்ளே வரக் கூடாது, கூட்டம் கூடக் கூடாது, விருந்து வைக்கக் கூடாது, எல்லாரும் ஊசி போட்டுக்கொண்டே ஆக வேண்டும், மீறினால் தொற்றுநோய்ச் சட்டப்படி நடவடிக்கை என்று சொல்லிக்கொண்டே போனது. தெரு வாசலில் குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டிவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஊசி போடுகிறவர்கள் வந்தார்கள். கூடவே போலீஸ்காரர்களும் வந்தார்கள். அங்கேதான் எல்லாம் கெட்டுப்போனது. முந்தைய அறுவடையில் கூலி கேட்டு நின்றபோது எங்கள் ஆட்களை வண்டியில் ஏற்றிப் போனது அதே காக்கிச் சட்டைதான். அதைப் பார்த்த உடனே, எதற்கு வந்திருக்கிறார்கள் என்று யாரும் நின்று கேட்கவில்லை. தெருவே வயலுக்குள் இறங்கி ஓடியது. அகப்பட்டவர்களைக் கையைப் பிடித்து இழுத்து ஊசி போட்டார்கள். ஒரு பாட்டனார் வைக்கோல் போருக்குள் புகுந்துகொண்டு, கால் மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்திருந்தார். காலில் ஊசி போடமாட்டார்கள் என்று நினைத்தாராம்.

சாயங்காலத்துக்குள் தெருவில் இன்னொரு பேச்சும் கிளம்பிவிட்டது. இந்த ஊசி, மூங்கில் எல்லாம் மேலத்தெருப் பண்ணையின் வேலை, நம்மை உள்ளே அடைத்துவைத்துவிட்டு வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து நடவை முடிக்கப்போகிறார்கள் என்றார்கள். பண்ணையின் காரியக்காரர், அதாவது நிலத்து வேலைகளை மேற்பார்வை பார்க்கிறவர், அன்றைக்கு எங்கள் மூங்கிலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

என் கவலை வேறு. அந்த ஞாயிறுதான் கல்யாணம். பெண் வீட்டில் அவளுடைய பெரியப்பாவுக்கு முதலிலிருந்தே இந்தச் சம்பந்தத்தில் விருப்பம் இல்லை. நோய் வந்த தெருவில் பெண்ணைக் கொடுப்பார்களா என்று அவர் பிடித்துக்கொண்டார். என் வருங்கால மாமனார் மூங்கில் வரைக்கும் சைக்கிளில் வந்து, அந்தப் பக்கம் நின்றபடியே சொன்னார். "மாப்பிள்ளை, இந்த ஞாயித்துக்கிழமை நடந்தா நடந்ததுதான். தள்ளிப்போச்சுன்னா எங்க அண்ணனை என்னால சமாளிக்க முடியாது. பொண்ணு வேற எடத்துக்குப் போயிடும்."

நான் தலையை ஆட்டினேன். அதைத் தவிர என்னால் என்ன செய்ய முடியும்?

சுகாதார இன்ஸ்பெக்டர் என்று ஒருவர் பொறுப்பில் இருந்தார். ஒல்லியான மனுஷன், எப்போதும் பிளீச்சிங் பவுடர் வாசனை. அக்கா போய்க் கேட்டாள். கல்யாணம் கூடாது, தள்ளிவையுங்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். சங்கத்து அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கல்யாணம் பண்ணிக்கிறது ஒரு மனுஷனோட உரிமை. தடையை மீறி நடத்துவோம். பந்தல்லேயே எல்லாரும் கைதாவோம்!"

"மாப்பிள்ளை கைதானா தாலியை யாரு கட்டுறது, நீங்களா?" என்றாள் அக்கா.

அண்ணன் சிரித்துவிட்டார். ஆனாலும் அவர் பிடிவாதம் விடவில்லை. இளவட்டங்களும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். கல்யாணம் நின்றால் பெண் போய்விடும். மீறி நடந்தால் போலீஸ் வரும், அடிதடி ஆகும். சும்மா எல்லாரும் கூடிச் சாப்பிட்டால் நோய் பரவும். எந்தப் பக்கம் திரும்பினாலும் வழி இல்லை.

தண்ணீர் பாய்ச்ச மட்டும் என்னை வெளியே விட்டிருந்தார்கள். பயிர் காய்ந்தால் இரண்டு தெருவுக்கும் நஷ்டம் இல்லையா? வெள்ளிக்கிழமை காலை நான் கடைமடைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, இன்ஸ்பெக்டர் வாய்க்கால் தண்ணீரைப் பார்க்கக் கரையோடு வந்தார். அப்போது மேல்வயல்காரர் ஒருவர் என்னிடம் சத்தம் போட்டார். என் வயலைத் தாண்டித்தானே தண்ணீர் போகிறது, எனக்கு ஏன் அடைத்தாய் என்றார். "உங்க முறை நாளைக்குக் காலையில" என்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே மண்வெட்டியைத் தோளில் வைத்துப் போய்விட்டார்.

இன்ஸ்பெக்டர் இதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அவ்வளவு கோபமா வந்தவர் எப்படித் தம்பி ஒண்ணும் பண்ணாம போறார்?" என்றார்.

நான் மடையில் சேற்றை மிதித்து அடைத்தேன். "முறை எப்ப வரும்னு தெரிஞ்சா போயிடுவாங்க சார். ஏன் அடைச்சோம்னு தெரியலேன்னாதான் வெட்டுறதுக்கு வருவாங்க" என்றேன்.

அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு, "பிடிச்சு இழுத்து ஊசி போட எனக்குச் சட்டத்துல இடம் இருக்கு. முந்தாநாள் அதைத்தான் பண்ணினேன். போட்டதைவிட ஓடினவங்க அதிகம். ஓடினவங்க இப்ப எங்க தண்ணி குடிக்கிறாங்கன்னுகூட எனக்குத் தெரியல" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியாது. திடீரென்று என் பக்கம் திரும்பிக் கேட்டார். "உங்க கல்யாணத்துக்கும் முறை வெச்சா என்ன?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே விளக்கினார். எல்லாரும் ஒரே நேரத்தில் வந்தால்தான் கூட்டம். பத்துப் பேர் வந்து, வாழ்த்திவிட்டுப் போன பிறகு அடுத்த பத்துப் பேர் வந்தால் அது கூட்டம் இல்லை. தண்ணீர் ஒரு மடையில் வந்து இன்னொரு பக்கம் வடிகிற மாதிரி, ஒரு வழியாக உள்ளே, இன்னொரு வழியாக வெளியே. நுழைகிற இடத்தில் கை கழுவ வேண்டும், ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கு மத்தியானமே மூங்கிலுக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர். நான் நடுவில் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேசியது எல்லாம் அவர்கள் இரண்டு பேர்தான்.

"ஊசி இன்னைக்குப் போட்டா நாளைக்கே வேலை செய்யாதும்மா. அதனால ஆறின சோறு கூடாது, பழைய தண்ணி கூடாது. எது கொடுத்தாலும் அடுப்புலேர்ந்து அப்படியே சூடாக் கொடுக்கணும்."

"கொடுக்கிறோம். போலீஸ்காரரு வரக் கூடாது."

அவர் யோசித்தார். "சரி, வரமாட்டாங்க. தகராறு ஆனா என் வேலை போயிடும்."

"ஆகாது. யாரு கையையும் பிடிச்சு இழுக்கக் கூடாது."

"இழுக்கல."

"மேலத்தெருவுக்கும் ஊசி உண்டா? இல்ல, வாந்திபேதிக்குத் தெருக் கணக்கு தெரியுமா?"

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "நாளைக்கே கேட்டு ஆரம்பிக்கிறேன். மூங்கிலையும் அவுக்கிறேன். ஊசி போட்டவங்க வேலைக்குப் போகலாம். போதுமா?"

"இப்பத்தான் நியாயம்" என்றாள் அக்கா.

சங்கத்து அண்ணனுக்குத்தான் மனசு ஆறவில்லை. பெரிய கூட்டத்துக்கு என்று தயார் செய்த பேச்சை வெறும் பத்துப் பேருக்கா பேசுவது என்றார். "ஏன் வருத்தப்படுறீங்க? ஒவ்வொரு முறைக்கும் பேசுங்க" என்று அக்கா சொல்லிவிட்டாள். அவர் முகம் மலர்ந்தது. பாவம், அதில் என்ன மாட்டியிருக்கிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வாய்க்கால் ஓரத்து நெற்களத்தில் பந்தல் தயார். யார் யார் எப்போது வர வேண்டும் என்று முதல்நாளே வீடு வீடாகச் சொல்லிவிட்டேன். அத்தனை வீட்டு வாசலில் நின்று நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. தண்ணீர் முறை மாதிரியே தெருவின் கடைசி வீடுகளுக்கு முதல் முறை. எல்லாவற்றிலும் கடைசியாக வாங்கிப் பழகிய அந்த வீட்டு ஆட்கள், சூரியன் கிளம்பும் முன்னே புது வேட்டியோடு வந்து நின்றார்கள்.

பந்தல் நுழைவில் இரண்டு அடுப்பு. ஒன்றில் அக்காவின் பொங்கல், இன்னொன்றில் இன்ஸ்பெக்டரோடு ஊசி போட வந்த கம்பவுண்டரின் ஊசிகள் கொதித்தன. "எந்தப் பானையில கரண்டியைப் போடுறோம்னு பாத்துப் போடுங்கடி" என்று அக்கா உதவிக்கு வந்த பெண்களை அதட்டிக்கொண்டே இருந்தாள். கல்யாண வீட்டில் வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிப்பார்கள். எங்கள் கல்யாணத்தில் பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் கை கழுவச் சொன்னார்கள். கழுவாமல் நழுவப் பார்த்த உறவுக்காரர் ஒருவரை, "மாமன் மச்சான்னெல்லாம் பாக்க மாட்டேன், கரண்டியால போட்ருவேன்" என்று அக்கா திருப்பி அனுப்பினாள்.

பெண் வீட்டார் வண்டியில் வந்து இறங்கினார்கள். மாமனாரும் கூட வந்த மற்றவர்களும் அவர்கள் ஊரிலேயே ஊசி போட்டுக்கொண்டவர்கள். பெண் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. ஏன் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஊசி மேஜையில் இருந்த கம்பவுண்டர் வழக்கம்போல அவள் முழங்கையைப் பிடிக்கப் போனார். அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்தவர், எழுந்து ஒரு அடி பின்னால் போய்விட்டார். அவர் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"சார், அந்த ஊர்ல என்னைக் கடிச்ச பொண்ணு இதுதான் சார்!"

நான் அன்றைக்குத்தான் அவளை முதன்முதலாக நன்றாகப் பார்த்தேன். மூக்கெல்லாம் சிவந்து, கண்ணை அகல விழித்துக்கொண்டு, ஓடவும் தயாராக, கடிக்கவும் தயாராக நின்றாள். எனக்குப் பயமாகவும் இருந்தது, ரொம்பப் பிடித்தும் இருந்தது.

"நாத்துப் பறிச்சிக்கிட்டிருந்தேன். பின்னாலேர்ந்து வந்து கையைப் பிடிச்சு இழுத்தாரு. வளையலெல்லாம் ஒடைஞ்சுபோச்சு. கடிக்காம என்ன பண்ணுவேன்?" என்றாள். பிறகு கொஞ்சம் தணிந்து, "யாருன்னு சொன்னாரா, எதுக்குன்னு சொன்னாரா?" என்றாள்.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் மாட்டேன் என்று சொன்னால் அவளுக்குப் பின்னால் நிற்கிற ஒருவரும் போட்டுக்கொள்ள மாட்டார்கள். ஊசி இல்லாமல் கல்யாணம் இல்லை என்று பேசியிருந்தோம். கல்யாணம் போய்விடும். பெண்ணின் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியைத் திரும்பிப் பார்த்தார். இன்ஸ்பெக்டருக்கும் அது தெரியும். அவர் கம்பவுண்டரை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே அவள் முன்னால் வந்து நின்றார்.

"தப்புத்தாம்மா. கேட்டிருக்கணும். இப்பக் கேக்கிறேன்" என்று தொடங்கி, இது என்ன மருந்து, எதற்குப் போடுகிறோம், போட்டால் ஒரு நாள் கை வீங்கும், காய்ச்சல்கூட வரலாம், இதைப் போட்டாலும் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னார். ஊசியே தெய்வம் என்றெல்லாம் சொல்லவில்லை. "போட்டுக்கிறீங்களாம்மா? வேண்டாம்னா பிடிச்சு இழுக்க மாட்டேன். ஆனா இந்தப் பந்தலுக்குள்ள அனுப்பவும் முடியாது. உங்களுக்காக மட்டும் இல்ல, இவங்க எல்லாருக்காகவும்தான்."

சர்க்கார் ஆள் ஒருவர் எங்களைப் போன்ற ஒரு கூலிக்காரப் பெண்ணிடம், அதுவும் இனிமேல் எங்கள் தெருவுக்கு ஆகப்போகிற பெண்ணிடம், தப்பு என்று சொன்னதை நாங்கள் கேட்டதில்லை. மரியாதை கொடுத்துக் கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்து நின்றதையும் பார்த்ததில்லை.

அவள் சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையைத் தானே நீட்டினாள்.

"போடுங்க. ஆனா அவரு கையைப் பிடிக்கக் கூடாது. இன்னைக்கு என் கையைப் பிடிக்கிற பாத்தியதை ஒரே ஆளுக்குத்தான்."

பந்தல் அதிர்ந்துபோகிற மாதிரி ஒரு சிரிப்பு. பெண்கள் குலவை போட்டார்கள். பெரியப்பாகூடத் துண்டால் வாயை மூடிக்கொண்டார். கம்பவுண்டர் ஊசியை வைத்துக்கொண்டு கையைப் பிடிக்காமல் எப்படிப் போடுவது என்று திணறினார். அக்கா என்னை முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். "போடா, போய்ப் பிடிடா." நான் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்படித்தான் எங்கள் பாணிக்கிரகணம் நடந்தது. தாலி அதற்குப் பிறகுதான். நான் அப்போதும் ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

முதல் முறை ஆட்கள் முன்னிலையில் மாலை மாற்றித் தாலி கட்டினேன். சங்கத்து அண்ணன் பேச எழுந்தார். உலகத்தில் மனிதன் தோன்றியதிலிருந்து ஆரம்பித்து, பெண்ணுரிமை, கூலி உயர்வு, நிலச் சீர்திருத்தம் எல்லாம் சொல்லி முடிக்க, அடுத்த முறை ஆட்கள் வெளியே கத்தத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாம் முறை வந்தவர்கள், தாலி கட்டியதை நாங்கள் பார்க்கவில்லையே, மாலையாவது மாற்றிக் காட்டுங்கள் என்றார்கள். மாற்றினோம். அண்ணனும் மறுபடி பேசினார். அந்தத் தடவை மனிதன் தோன்றியதை விட்டுவிட்டார். மூன்றாம் முறையில் நிலச் சீர்திருத்தம் போயிற்று. ஒவ்வொரு முறைக்கும் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. எங்கள் மாலையும் பூ உதிர்ந்துகொண்டே வந்தது. ஆனால் எனக்கு வெட்கமும் உதிர்ந்துகொண்டே போனது. முதல் மாலையைத் தரையைப் பார்த்துப் போட்டேன். மதியத்துக்குள் அவள் முகத்தைப் பார்த்துப் போட்டேன். நாலைந்து முறைக்குப் பிறகு அவளே, "இந்தத் தடவையும் கோணலாப் போட்டா நான் குனிய மாட்டேன்" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். நான் சிரித்ததைப் பார்த்து அக்கா அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்றாள்.

வயலில் ஒளிந்திருந்தவர்களும் மத்தியானத்துக்குள் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். பொங்கல் வாசனை அப்படி. வைக்கோல் போர்ப் பாட்டனாரும் வந்தார். "கேட்டுட்டுப் போடுறாங்களாமே, எங்கிட்டயும் கேளு" என்று கம்பவுண்டர் முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கேட்டதும், "ம், போடு" என்று பெரிய மனிதர் மாதிரி உத்தரவு கொடுத்தார்.

கடைசி முறைக்கு மேலத்தெருவிலிருந்து சிலர் வந்தார்கள். அவர்களுக்கும் முதல்நாளே ஊசி ஆகிவிட்டது. அதில் காரியக்காரரும் இருந்தார். கை வீங்கி, சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். அங்கே இருந்தது ஒரே பெஞ்சு. அதில் ஒரு ஓரத்தில் சங்கத்து அண்ணன். அவரும் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூலிப் பேச்சில் எத்தனையோ தடவை எதிரும் புதிருமாக நின்றவர்கள். காரியக்காரர் கொஞ்சம் தயங்கிவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"வலிக்குதா?" என்று காரியக்காரர் கேட்டார்.

அண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். குரலே வரவில்லை. காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"இந்த ஊசியை நடவுக் கூலி பேச வரும்போது போட்டிருந்தா எனக்கு எவ்வளவு சவுகரியமா இருந்திருக்கும்" என்றார் காரியக்காரர். அண்ணன் சத்தமே இல்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்த முறைக்கு அவர் செய்த பேச்சு இரண்டு கையையும் தூக்கி எங்களை ஆசீர்வதித்ததுதான். அன்றைக்குப் பேசியதிலேயே அதுதான் நல்ல பேச்சு என்று எல்லாரும் சொன்னார்கள்.

அதற்காக அவர்கள் இரண்டு பேரும் சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தத் தையிலேயே கூலிக்கு மறுபடி சண்டை வந்தது. ஆனால் நடவுக்கு வெளியூர் ஆட்கள் வரவில்லை. மூங்கில் அவிழ்ந்த பிறகு எங்கள் தெருப் பெண்கள்தான், கை வீக்கம் வடிந்ததும் போய் நட்டார்கள். பயிர் நன்றாக வந்தது. எங்கள் தெருவில் அதற்குப் பிறகு யாரும் அந்த நோயில் படுக்கவில்லை.

பந்தல் பிரிக்கும்போது இன்ஸ்பெக்டர் கல்யாணப் பரிசு என்று ஒரு பொட்டலம் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் ஒரு கட்டி சோப்பு. அப்போது எங்கள் வீடுகளில் வாசனைச் சோப்பு கிடையாது. நான் அதை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்றேன். "சோப்பு என்ன நகையா, பெட்டியில வெச்சுப் பாக்க? கை கழுவத்தானே கொடுத்தாரு" என்று என் மனைவி அதைத் தேய்த்துக் கரைத்தே தீர்த்தாள். அந்த மனிதர் பிறகு எங்கோ மாற்றலாகிப் போய்விட்டார். எங்கே இருக்கிறாரோ, நன்றாக இருக்க வேண்டும்.

இப்போது எங்கள் தெருவுக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்திலிருந்து நர்சம்மா வருகிறார்கள். பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து, ஊசி எல்லாம் தெருவிலேயே நடக்கிறது. பயப்படுகிற புதுத் தாய்மார்களை என் மனைவிதான் போய்ப் பேசிக் கூட்டிவருவாள். யாராவது தயங்கினால் வற்புறுத்த மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, என்ன மருந்து, எதற்கு, போட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்கு அவர் அவளிடம் சொன்ன அதே வரிசையில் சொல்லுவாள். சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பாள். சில பேருக்கு ஒரு நாள் ஆகும், சில பேருக்கு ஒரு வாரம்கூட ஆகும். வராமல் போனவர்கள் ரொம்பக் குறைவு.

நான் இன்னமும் மடை திறந்து மூடுகிறவன்தான். பெரிய சட்டங்களைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது. எல்லாருடைய நன்மைக்காகச் சில நேரம் மடையை அடைத்துத்தான் ஆக வேண்டும், ஆனால் அடைக்கிறவன் கீழே நிற்கிறவனிடம் ஏன் அடைக்கிறேன், எப்போது திறப்பேன் என்று சொல்லிவிட்டு அடைக்க வேண்டும் என்பது மட்டும், வாடிப்போன மாலையோடு சாயங்காலம் வரை என் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணால் என் மனசில் நின்றுவிட்டது.

எழுதி முடித்தது: 8-9-1991, ஞாயிற்றுக்கிழமை.